தம்பி திகாரில் இருக்கிறான், திருந்துவானா?

கேள்வி: என் தம்பிக்கு 22 வயது. சரோஜினி நகர் மார்க்கெட்டில் ஒருவருடைய மொபைலைத் திருடிப் பிடிபட்டு மூன்று மாதமாகத் திகாரில் இருக்கிறான். இதுதான் அவன் மேல் முதல் வழக்கு. அம்மா போய்ப் பார்க்கவே மாட்டேன் என்கிறார். உள்ளே போனவன் பெரிய திருடனாகத்தான் வெளியே வருவான் என்று அக்கம்பக்கத்தில் பேசுகிறார்கள். அவன் திருந்த வழி உண்டா ஐயா?
– பெயர் வேண்டாம், திரிலோக்புரி, தில்லி

பதில்: உண்டு, சகோதரி. ஆனால் ஜெயில் தானாக யாரையும் திருத்தாது. திருட ஆரம்பித்தவனுக்கு நின்று யோசிக்க நேரமே இருப்பதில்லை, கையில் காசு, அதே கூட்டாளிகள், மறுபடி அடுத்த திருட்டு என்று ஓடிக்கொண்டே இருப்பான், போலீஸ் பிடித்த அன்றுதான் அந்த ஓட்டம் நிற்கிறது. அப்புறம் கிடைக்கும் நேரத்தை யார் பிடித்துக்கொள்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பக்கத்தில் படுத்திருக்கும் பழைய திருடனும் பேசுவான். அதனால் நீங்கள் போங்கள், முலாகாத் (கைதியைச் சந்திக்கும் அனுமதி) கிடைக்கும்போதெல்லாம் போங்கள்.

போனால் புத்தி சொல்லாதீர்கள். அந்த மொபைல் யாருடையது என்று மட்டும் கேளுங்கள். அன்றாடம் கூலிக்குப் போகிறவருடையதாக இருக்கலாம், அதில்தான் அவருக்கு வேலைக்கான அழைப்பு வரும், பிள்ளையின் படமும் இருந்திருக்கும். “மாட்டிக்கிட்டேன்” என்று சொல்லும்வரை அவன் தன்னைப் பற்றித்தான் நினைக்கிறான். பறிகொடுத்தவரைப் பற்றி அவனாகவே பேச ஆரம்பித்தால் உள்ளே ஏதோ மாறுகிறது, அதை நான் முழுமனதாக நம்புகிறேன்.

திகாரிலேயே இதற்கு முன்னுதாரணம் உண்டு. கிரண் பேடி சிறைத்துறைத் தலைவராக இருந்தபோது 1993-ல் அங்கே விபாசனா தியானம் தொடங்கியது, 1994 ஏப்ரலில் விபாசனா ஆசிரியர் எஸ்.என். கோயங்கா நடத்திய பத்து நாள் முகாமில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் பேசாமல் உட்கார்ந்தார்கள். தேசியத் திறந்தநிலைப் பள்ளி, இக்னோ (இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) படிப்புகளும் உள்ளேயே இருக்கின்றன. விசாரணைக் கைதிக்கு வேலை கட்டாயமில்லை, சும்மா உட்கார்ந்திருப்பதுதான் பெரிய ஆபத்து, ஆகவே படிப்பிலோ தொழிற்பயிற்சியிலோ சேரச் சொல்லி வற்புறுத்துங்கள்.

சரி, சட்டம். சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சம் மூன்று ஆண்டு. இதற்கு முன் எந்த வழக்கிலும் தண்டனை பெறாதவர் அதில் மூன்றில் ஒரு பங்கை விசாரணையிலேயே கழித்துவிட்டால் பிணைப்பத்திரத்தில் விடவேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-வது பிரிவு சொல்கிறது. வேறு வழக்கு நிலுவையில் இருக்கக்கூடாது. அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை, ஜாமீன் இப்போதே கேட்கலாம். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, இலவசச் சட்ட உதவி எண் 15100-க்குப் போன் செய்யுங்கள்.

விடுதலையாகும் நாளைத்தான் நீங்கள் இப்போதே யோசிக்க வேண்டும். கூட்டாளிகள் வாசலுக்கு வருவதற்குள் நீங்கள் போய் நில்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு வேலை காத்திருந்தால் நல்லது, கேட்டரிங்கோ கடையோ எதுவானாலும் சரி, நடந்ததை முதலாளியிடம் மறைக்காமல் சொல்லிவிட்டுச் சேர்த்துவிடுங்கள்.

அம்மாவைக் கட்டாயப்படுத்தாதீர்கள். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கோபத்தையே நாலு வரி கடிதமாக எழுதித் தரச் சொல்லுங்கள், திட்டியே எழுதினாலும் பரவாயில்லை, அது அவன் கைக்குப் போய்ச் சேரட்டும்.