நாலு மணி யாருக்கு வசதி?

கேள்வி: நாங்கள் சில பெண்கள் மாதம் ஒரு சனிக்கிழமை நாலு மணிக்குக் கூடி, பெண்ணியப் புத்தகங்கள் படித்துப் பேசுகிறோம். மேலப்பாளையத்திலிருந்து பீடி சுற்றும் அக்காமார் இருவர் சேர்ந்தார்கள். பாதியிலேயே எழுந்து போய்விடுகிறார்கள். இப்போது ஒரு திருநங்கையும் வரலாமா என்று கேட்கிறார். “சாதி, மதம், இதெல்லாம் உள்ளே வந்தால் பெண் பிரச்சினை சிதறிப்போகும், முதலில் பொதுவானதைப் பேசுவோம்” என்கிறார் எங்கள் மூத்த டீச்சர். அவர் கெட்டவர் இல்லை. என்ன சொல்வது?
- வாசகி, பாளையங்கோட்டை

பதில்: டீச்சர் கெட்டவர் இல்லை என்று நீங்களே சொல்லிவிட்டதால் எனக்குப் பாதி வேலை மிச்சம். அந்தப் ‘பொது’ யாருடையது என்று மட்டும் அவரிடம் கேளுங்கள்.

முக்கூடலில் என் சித்தி பீடி சுற்றுவாள். மடியில் சுளவு, அதில் தூள், ஊறவைத்து வெட்டிய இலை. வாய் ஊர்க்கதை பேசும், விரல் நிற்காது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. சாயங்காலம் ஒப்படைக்கும்போது சரியில்லை என்று கழித்துவிட்டால் அந்த உழைப்பு வீண். அவளிடம் போய், “வீட்டுக்குள்ளேயே கிடக்காதே, வேலைக்குப் போ, விடுதலை கிடைக்கும்” என்றால் சிரித்திருப்பாள். அவளுக்கு வீடுதானே தொழிற்சாலை!

உங்கள் அக்காமார் எதற்காக எழுந்து போகிறார்கள் என்று யாராவது கேட்டீர்களா? நாலு மணி டீச்சருக்கு ஓய்வு நேரம். அவர்களுக்குப் பீடி ஒப்படைக்கிற நேரமாக இருக்கலாம்.

அமெரிக்காவில் ஒரு கார் கம்பெனி மீது கறுப்பினப் பெண்கள் வழக்குப் போட்டார்கள். கம்பெனியில் பெண்கள் இருந்தார்கள், ஆனால் வெள்ளைக்காரப் பெண்கள். இனப் பாகுபாடு, பெண் என்ற பாகுபாடு இரண்டையும் சேர்த்து ஒரே குறையாகக் கேட்க முடியாது என்றது நீதிமன்றம். அந்த இடுக்கில் விழுந்தவர்களைப் பற்றித்தான் கிம்பர்லே கிரென்ஷா என்ற சட்ட அறிஞர் 1989-இல் எழுதினார்.

அவ்வளவு தூரம் போவானேன்? நமக்குத் தெற்கே திருவிதாங்கூரில், நாடார் பெண்கள் மார்பை மறைத்து உடுத்தலாம் என்று 1859-இல் உத்தரவு வந்தது. அதற்கு ஒரு வாலும் இருந்தது: உயர்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது. சாதியை வெளியே நிறுத்திவிட்டு இந்த உத்தரவை டீச்சர் எப்படி விளக்குவார்? எனக்கு அவர் பதிலைக் கேட்க ஆசை.

சரி, அடுத்த கூட்டத்தை மேலப்பாளையத்தில் அந்த அக்கா வீட்டுத் திண்ணையிலேயே வையுங்கள். நேரத்தை அவர்கள் சொல்லட்டும். பேசுகிறவர்கள் பேசட்டும், சுற்றுகிறவர்கள் சுற்றட்டும்.

அப்புறம், அந்தத் திருநங்கை. திருநங்கைகளுக்குத் தமிழ்நாட்டு அரசே 2008-இல் நலவாரியம் அமைத்துவிட்டது. உங்கள் வட்டம் இன்னும் யோசிக்கிறதாக்கும்! வரச் சொல்லுங்கள். வந்த அன்றே “உங்கள் கதையைச் சொல்லுங்கள்” என்று எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். மற்றவர்களுக்குக் கொடுக்கிற புத்தகத்தையே கொடுங்கள். உங்களில் பாதிப் பேரைப் போல அவரும் கடைசி அத்தியாயத்தைப் படிக்காமல் வந்து மழுப்பட்டுமே.