பழைய நூலில் ‘சல்பியூரெட்டெட் ஹைட்ரஜன்’ என்று வந்தால்

கேள்வி: 1850களில் அச்சான ஓர் ஆங்கில வேதியியல் பாடநூலைத் தமிழாக்கம் செய்துகொண்டிருக்கிறேன். சல்பியூரெட்டெட் ஹைட்ரஜன், லைட் கார்பியூரெட்டெட் ஹைட்ரஜன், மியூரியாட்டிக் ஆசிட், புருசிக் ஆசிட் என்று பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. இவற்றின் இன்றைய பெயர்கள் என்ன? வாய்பாட்டை வைத்தே கண்டுபிடித்துவிடலாமா?

பதில்: வாய்பாட்டை மட்டும் நம்பி இறங்காதீர்கள். பெயரைப் பிடித்துக்கொண்டு போங்கள். காரணத்தைக் கார்பனுக்கு வரும்போது சொல்கிறேன்.

முதலில் பெயரின் வாலைப் பாருங்கள். அன்றைய ‘யூரெட்’தான் இன்றைய ‘ஐடு’. சல்பியூரெட் என்றால் சல்பைடு. ஆக, சல்பியூரெட்டெட் ஹைட்ரஜன் என்பது ஹைட்ரஜன் சல்பைடு. அதே கணக்கில் பாஸ்பியூரெட்டெட் ஹைட்ரஜன் என்பது பாஸ்பீன், ஆர்செனியூரெட்டெட் ஹைட்ரஜன் என்பது ஆர்சீன். (ஆர்சீன் சாதாரண ஆசாமி அல்ல. ஜெர்மானிய வேதியியலாளர் கேலன் 1815-இல் இறந்தது இந்த வாயுவைச் சுவாசித்துத்தான்.) ஹைட்ரஜன் சல்பைடுக்கு ‘ஹைட்ரோசல்பியூரிக் ஆசிட்’ என்றும் ஒரு பெயர் உண்டு. அவசரத்தில் அதைக் கந்தக அமிலம் என்று எழுதிவிடாதீர்கள், இரண்டும் முற்றிலும் வேறு.

கார்பனில்தான் சிக்கல். லைட் கார்பியூரெட்டெட் ஹைட்ரஜன் என்பது சதுப்பு நிலத்திலும் நிலக்கரிச் சுரங்கத்திலும் கிடைக்கும் மீத்தேன். ‘ஹெவி’ என்று வந்தால் எத்திலீன். அதற்கே ‘ஓலிஃபையன்ட் கேஸ்’ என்றும் பெயர். ‘பைகார்பியூரெட் ஆஃப் ஹைட்ரஜன்’ என்பது பென்சீனுக்கு 1825-இல் ஃபாரடே வைத்த பெயர்.

இப்போது உங்கள் நூலில் மீத்தேனின் வாய்பாட்டைத் தேடிப் பாருங்கள். இரண்டு கார்பன், நான்கு ஹைட்ரஜன் என்று அச்சாகியிருக்க வாய்ப்பு அதிகம். இன்று அது எத்திலீனின் வாய்பாடு! அச்சுப் பிழை அல்ல. அந்தக் காலத்தில் பலர் ஹைட்ரஜனை 1 என்று கொண்டு, கார்பனுக்கு 6, ஆக்சிஜனுக்கு 8, கந்தகத்துக்கு 16 என்று சமான எடைகளை (தனிமங்கள் சேரும் எடை விகிதத்தைக் காட்டும் எண்கள்; இந்த மூன்றும் இன்றைய அணு எடையில் பாதி) வைத்து எழுதினார்கள். மீத்தேனில் 4 பங்கு ஹைட்ரஜனுக்கு 12 பங்கு கார்பன். ஒரு கார்பன் 6 என்றால் இரண்டு கார்பன் வேண்டும்தானே? அதே முறையில் தண்ணீருக்கு ஒரு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன் போதும். எத்திலீனுக்கோ நான்கு கார்பன், நான்கு ஹைட்ரஜன்.

எனவே நூலின் தொடக்கத்தில் இருக்கும் எடை அட்டவணையை முதலில் புரட்டுங்கள். கார்பன் 6 என்றிருந்தால் கார்பன், ஆக்சிஜன், கந்தக எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், ஹைட்ரஜனைத் தொடாதீர்கள். அரை அணு வந்து நின்றால் மொத்தத்தையும் இரட்டிப்பாக்குங்கள். உலோகம் இல்லாத இத்தகைய சேர்மங்களுக்கு இன்றைய வாய்பாடு கிடைத்துவிடும். அம்மோனியாவுக்கு இந்த வேலையே தேவையில்லை, அன்றும் இன்றும் ஒன்றுதான். 1860-இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் நடந்த வேதியியலாளர் மாநாட்டில் இத்தாலியரான கன்னிஸாரோ அணு எடைகளுக்காக வாதாடிய பிறகுதான் இந்தக் குழப்பம் மெல்ல மெல்ல அடங்கியது.

மியூரியாட்டிக் ஆசிட் என்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். எல்லா அமிலத்திலும் ஆக்சிஜன் இருக்கும் என்று லவாசியே நம்பியதால் குளோரினையே ‘ஆக்ஸிமியூரியாட்டிக் ஆசிட்’ என்று அழைத்தார்கள். அது ஒரு தனிமம் என்று 1810-இல் டேவி வாதிட்டார். மியூரியேட் என்றால் குளோரைடு; உரமாகப் போடும் மியூரியேட் ஆஃப் பொட்டாஷில் அந்தப் பெயர் இன்னும் உயிரோடிருக்கிறது. ஆனால் ‘ஆக்ஸிமியூரியேட் ஆஃப் பொட்டாஷ்’ என்று வந்தால் அது பொட்டாசியம் குளோரேட், பட்டாசுக் கலவையில் சேர்ப்பது. ஒரு முன்னொட்டை விட்டுவிட்டால் வெடிபொருள் உரமாகிவிடும்.

புருசிக் ஆசிட் என்பது ஹைட்ரஜன் சயனைடு. பிரஷ்யன் நீலச் சாயத்திலிருந்து 1782-இல் ஷீலே பிரித்தெடுத்ததால் வந்த பெயர். மருந்து பற்றிய பகுதியில் வந்தால் அதை நீர்த்த கரைசல் என்று கொள்ளுங்கள்.

மொழிபெயர்ப்பில் இன்றைய பெயரையே எழுதிவிட்டு, முதல் முறை வரும் இடத்தில் மட்டும் பழைய பெயரையும் கொடுத்தால் போதும். வாய்பாட்டை மட்டும் நூலில் உள்ளபடியே விட்டு, திருத்தியதை அடிக்குறிப்பில் போடுங்கள். உள்ளே மாற்றினால், அதே பக்கத்தில் ஆசிரியர் போட்டிருக்கும் எடைக் கணக்குகள் பொருந்தாமல் போய்விடும்.