மெட்டல் டிடெக்டர் வாசலில் நிற்பவரிடம் கேளுங்கள்

மலேசியாவில், பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் நுழைவாயில் சோதனை என் பொறுப்பு. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குப் பழக்கிக் கொடுப்பதும் நான்தான். பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு என்னால் முடிந்த பதில்கள்.

பட்டர்வொர்த், புதுப் பாதுகாவலர்: அண்ணே, ஆளே இல்லாதபோது மெஷின் கத்துகிறது. கெட்டுப்போச்சா?

தம்பி, முதலில் சுற்றிலும் பாருங்கள். பக்கத்தில் எஸ்கலேட்டர், லிஃப்ட், இரும்புக் கதவு ஏதாவது உண்டா? மின்சார வயர் ஒட்டிப் போகிறதா? இரண்டு மெஷின்கள் நெருக்கமாக நின்றால் ஒன்று இன்னொன்றைக் குழப்பும். தரை ஆடினாலும் கத்தும். உங்கள் இடுப்பிலுள்ள வாக்கி டாக்கியும் சாவிக்கொத்தும் காரணமாக இருக்கலாம், ஒரு எட்டுத் தள்ளி நின்று பாருங்கள். இது பழைய தொல்லை. 1881இல் சுடப்பட்ட அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடலில் குண்டைத் தேட கிரகாம் பெல் ஒரு கருவியோடு போனார், குண்டு அகப்படவில்லை. கட்டில் மெத்தையின் கம்பிச் சுருள்களும் கருவியைக் குழப்பின என்பார்கள்.

சத்தம் தாங்காமல் சென்சிட்டிவிட்டியை நீங்களாகக் குறைத்துவிடாதீர்கள். குறைத்தால் சத்தத்தோடு கத்தியும் தப்பிப் போகும். மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள்.

செராஸ்: இதில் இருப்பது காந்தம்தானே? தங்கத்துக்கு ஏன் கத்துகிறது?

இரும்பை இழுக்கும் காந்தம் போல இல்லை. இரண்டு பக்கப் பலகைகளிலும் கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் மின்சாரம் விட்டுவிட்டுப் பாய்ந்து காந்தப் புலம் உண்டாகும். அங்கே உலோகம் வந்தால் அதற்குள் ஒரு சுழல் மின்னோட்டம் ஓடும், அது எழுப்பும் எதிர்ப் புலத்தை மெஷின் பிடித்துக்கொள்ளும். மின்சாரம் பாய்கிற எதுவும் மாட்டும்: தங்கம், செம்பு, அலுமினியம்.

செந்தூல்: தாலியைக் கழற்றச் சொல்வார்களா?

அக்கா, என் வாசலில் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை, கேட்கவும் விடமாட்டேன். மெல்லிய சங்கிலி பல நேரம் சத்தமே போடாது, கண்ணிக்குக் கண்ணி தொடர்பு சரியாக இருக்காது. வளையல்தான் முதலில் மாட்டும். முழு வட்டமாக இருப்பதால் மின்னோட்டம் தடையில்லாமல் சுற்றி வரும். சத்தம் வந்தால் கைக்கருவியால், அதாவது கையில் பிடிக்கும் சின்ன மெட்டல் டிடெக்டரால், கழுத்தருகே பார்ப்பார்கள். பெண்களைத் தொட்டுச் சோதிக்க வேண்டியிருந்தால் பெண் பாதுகாவலர்தான் செய்ய வேண்டும். அதை நீங்கள் தாராளமாகக் கேட்கலாம்.

ஆயர் ஈத்தாம்: அப்பாவுக்கு பேஸ்மேக்கர் இருக்கிறது. போகலாமா?

இயல்பான நடையில் நிற்காமல் கடந்து போகலாம் என்பதுதான் பொதுவான மருத்துவ அறிவுரை. நடுவில் நிற்கவோ பலகையில் சாயவோ கூடாது. கைக்கருவியை நெஞ்சின் மேல் வைத்திருக்கக் கூடாது. மருத்துவமனை கொடுத்த அட்டையை முதலிலேயே காட்டி, வேறு முறையில் சோதிக்கச் சொல்லுங்கள். அவருடைய டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அதுதான் முடிவு.

பிரிக்ஃபீல்ட்ஸ்: ஐந்து மாதக் கர்ப்பம். எக்ஸ்ரேயா இது?

இல்லை தங்கச்சி. எக்ஸ்ரே பைகள் போகும் பெட்டியில் மட்டும்தான்.

பாலிக் புலாவ்: சத்தம் வந்ததும் என்ன செய்வது? வயதானவர்கள் பயந்துவிடுகிறார்கள்.

இதைத்தான் புதியவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். சத்தம் வந்தால் உலோகம் இருக்கிறது என்று அர்த்தம், குற்றம் இருக்கிறது என்று அர்த்தமில்லை. பக்கத்திலுள்ள விளக்கைப் பாருங்கள், எந்த உயரத்தில் உலோகம் என்று அது காட்டும். கணுக்காலில் எரிந்தால் சேஃப்டி பூட்ஸாக இருக்கலாம். முழங்காலில் எரிந்து, வந்தவர் வயதான பாட்டி என்றால், "முட்டியில் ஆப்பரேஷன் ஆச்சாம்மா?" என்று மெதுவாகக் கேளுங்கள். உட்கார நாற்காலி கொடுங்கள். அப்புறம் கைக்கருவியால் அந்த இடத்தைப் பாருங்கள். ஆனால் முட்டியில் விடை கிடைத்தது என்று மற்ற இடங்களை விட்டுவிடக் கூடாது. மரியாதையும் முழுச் சோதனையும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை.

ஒருவர் முழுதாகத் தாண்டிய பிறகுதான் அடுத்தவர். இருவர் ஒட்டி வந்தால் யாருக்குக் கத்தியது என்று தெரியாது.

பாலிக் புலாவ், மீண்டும்: ஒரு நாள் முழுக்கச் சத்தமே வரவில்லை. நல்லதுதானே?

எனக்கு அதுதான் கவலை! ஒவ்வொரு ஷிஃப்ட் தொடக்கத்திலும் உங்களிடமுள்ள உலோகத்தையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு ஒருமுறை நடங்கள், கத்தக் கூடாது. அப்புறம் மெஷினைச் சோதிக்கவென்றே வைத்திருக்கும் உலோகத் துண்டைக் கணுக்கால், இடுப்பு, அக்குள் என்று மாற்றி மாற்றி வைத்து நடங்கள், ஒவ்வொரு முறையும் கத்த வேண்டும். கணுக்காலில் கூடுதல் கவனம் வையுங்கள், தரை கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி அங்கேதான் குழப்பும். ஒரு இடத்தில் தவறினாலும் அந்த வாசலை மூடி, பதிவேட்டில் எழுதிவிட்டு, சரியாகும் வரை கைக்கருவியால் சோதியுங்கள்.