வீடியோவில் வெட்டப்பட்ட ஒரு விநாடி

கேள்வி: அக்கா, வணக்கம். கோவையிலிருந்து வந்து பன்னிரண்டு வருடமாக அமெரிக்காவில், வட கரோலினாவின் கேரி நகரில் இருக்கிறோம். கணவருக்கு ஐ.டி. வேலை, இன்னும் எச்-1பி விசாதான். மகளுக்குப் பதினாறு வயது, பத்தாம் வகுப்பு. ஒன்பது வயதிலிருந்து ஒரே கிளப் அணியில் கூடைப்பந்து ஆடுகிறாள், பாயிண்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவள். சில கல்லூரிகளிலிருந்து விவரம் நிரப்பி அனுப்பச் சொல்லி மெயில் வந்திருக்கிறது. ஷூ கம்பெனி நடத்தும் லீகில் ஆடுகிற ஒரு பெரிய அணி, வரும் ஜூலைக்கே வந்துவிடு என்று கூப்பிடுகிறது. கிளப் கோச்சோ, "ஏழு வருஷம் வளர்த்தேன், விசுவாசம் வேண்டாமா?" என்கிறார். இவள் இன்ஸ்டாகிராமில் 38 ஆயிரம் பேர் பின்தொடர்கிறார்கள். ஒரு ஜூஸ் கடை, ஒரு பதிவு போட்டால் 500 டாலர் தருவதாகச் சொல்கிறது. மாதம் 400 டாலர் கட்டினால் "பிராண்டை" வளர்த்துத் தருகிறேன் என்று ஒருவர் துரத்துகிறார். கணவர், "பூக்கடைக்கு எதுக்கு விளம்பரம்?" என்கிறார். மகள், "அப்பாவுக்கு இந்த உலகமே தெரியாது" என்று அழுகிறாள். வீட்டில் தினமும் சண்டை. அவளுடைய ரீல் ஒன்றும், அதே மேட்சின் முழு வீடியோவும் அனுப்பியிருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.
– ஒரு தாய், கேரி

பதில்:

அன்புத் தங்கைக்கு,

இரண்டையும் பார்த்தேன். ரீலை மூன்று தடவை, முழு மேட்சை ஒரு தடவை, நடு இரவு வரைக்கும். உங்கள் மகள் நன்றாக ஆடுகிறாள். ஒரு அம்மாவுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொல்லவில்லை. இடது கையில் பந்தைத் தட்டிக்கொண்டே தலையை நிமிர்த்தி ஆட்டத்தைப் பார்க்கிறாளே, அது அந்த வயதில் சுலபமாக வருகிற பழக்கம் இல்லை.

ரீல் 1 நிமிடம் 50 விநாடி. எண்ணிப் பார்த்தேன்: இருபத்திரண்டு துணுக்குகள், அதில் இருபத்தொன்று அவள் கூடையில் பந்து போடுவது. ஒன்றே ஒன்றுதான் பாஸ். பதினோராவது துணுக்கில் ஒரு பெண் வந்து ஸ்க்ரீன் போடுகிறாள், அதாவது எதிரணிக்காரியின் வழியை உடம்பால் மறித்து நிற்கிறாள். 12-ஆம் எண் ஜெர்சி, கொஞ்சம் பருமனான பெண். எதிரணிக்காரி அவள்மேல் மோதியதில் இருவரும் விழுகிறார்கள். அந்த இடைவெளியில் உங்கள் மகள் புகுந்து பந்தைப் போட்டுவிட்டு, தன் ஜெர்சியில் இருக்கும் பெயரைத் தட்டிக் காட்டுகிறாள். ரீல் அங்கே வெட்டி அடுத்ததற்குப் போய்விடுகிறது. பார்த்ததும் எனக்கு மனசு சுருக்கென்றது. பிறகு முழு மேட்சில் அதே இடத்தைத் தேடிப் பார்த்தேன். பெயரைத் தட்டிய மறு விநாடி அவள் திரும்புகிறாள். எல்லாரும் தடுப்பாட்டத்துக்கு ஓடிக்கொண்டிருக்க, இவள் மட்டும் பின்னால் போய் 12-ஆம் எண்ணுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டு, அவள் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் ஓடுகிறாள்.

உங்கள் மகளின் விளம்பரத்தில் அவளுடைய ஆகச் சிறந்த விநாடி இல்லை. அதை அவளே வெட்டி எறிந்திருக்கிறாள். உங்கள் வீட்டுச் சண்டை முழுவதும் எனக்கு அந்த ஒரு வெட்டில் தெரிந்தது.

உங்கள் கணவர் சொல்லும் பழமொழி பூக்கடைத் தெருவுக்குப் பொருந்தும். வாசனை வரும் தூரத்தில் ஆட்கள் நடந்து போகிற இடம் அது. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் மேல்மட்டமான டிவிஷன் 1-இல் மட்டுமே முந்நூற்றைம்பதுக்கு மேற்பட்ட கல்லூரிகள். நாடு முழுக்க லட்சக்கணக்கான பள்ளிப் பிள்ளைகள் ஆடுகிறார்கள். எல்லா ஜிம்முக்கும் கோச்சுகளால் போக முடியாது. பிள்ளை தன் வீடியோவைத் தானே எடுத்து அனுப்புவதும், தன் பெயரில் ஒரு பக்கம் வைத்திருப்பதும் இன்று வேலைக்கு விண்ணப்பம் போடுவதுபோல. இதைத் தம்பட்டம் என்று அவர் நினைக்க வேண்டாம்.

மகளும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே பணம் பழசு, விதிதான் புதுசு. 2021 ஜூலை 1 வரை ஒரு கல்லூரி வீராங்கனை தன் பெயரையோ படத்தையோ வைத்து ஒரு டாலர்கூடச் சம்பாதிக்க கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. விட்டதில்லை. அரங்கம் நிறையும், டிவிக்காரர்கள் கோடிகளைக் கொட்டுவார்கள், கோச்சுக்கு லட்சக்கணக்கில் டாலர் சம்பளம். ஆடுகிற பிள்ளைக்கு மட்டும் கூடாது. அந்த அநியாயம் நீதிமன்றங்களில் அடிபட்டுத்தான் என்.ஐ.எல். என்கிற உரிமை வந்தது. பெயர், உருவம், தோற்றம் மூன்றும் ஆடுகிறவருக்கே சொந்தம். 2025 ஜூலையிலிருந்து கல்லூரிகளே தங்கள் வருமானத்தில் பங்கு தரலாம். ஒரு கல்லூரிக்கு முதல் ஆண்டு உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். அதில் பெரும்பகுதி அமெரிக்கக் கால்பந்துக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

அணி மாறுவதும் அப்படித்தான். முன்பெல்லாம் கல்லூரி மாறினால் பெரும்பாலும் ஒரு வருடம் பெஞ்சில் உட்கார வேண்டும். 2021-இல் ஒருமுறை மாறலாம் என்றார்கள். 2024-இல் படிப்பில் தேறியிருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்று ஆனது. இப்போது ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்கிற, மாற விரும்புகிறவர்களின் இணையப் பட்டியலில் பெயரைப் பதிந்தால் போதும். பதினெட்டு வயதுப் பிள்ளையை எடுத்து வளர்ப்பதைவிட, இருபத்திரண்டு வயதில் ஆடித் தேர்ந்த ஆளை போர்ட்டலிலிருந்து எடுப்பதே பல கோச்சுகளுக்கு இன்று சௌகரியம். உங்கள் மகள் போட்டி போடப்போவது தன் வயதுப் பெண்களோடு மட்டும் இல்லை.

அதனால்தான் "விசுவாசம் வேண்டாமா?" என்ற கேள்வியை யார் கேட்டாலும், எந்தப் பக்கத்திலிருந்து கேட்கிறார்கள் என்று பார்க்கச் சொல்வேன். மயாமி பல்கலைக்கழக ஆண்கள் அணியை எடுத்துக்கொள்ளுங்கள். 2022-இல் புதிதாக வந்த நைஜல் பேக்குக்கு இரண்டு ஆண்டுக்கு 8 லட்சம் டாலரும் ஒரு காரும் என்று ஒரு தொழிலதிபர் ஊரறிய அறிவித்தார். ஏற்கெனவே அங்கே ஆடிக்கொண்டிருந்த ஐசையா வாங்குக்கும் கூட்டித் தராவிட்டால் அவர் வெளியேறுவார் என்று அவருடைய ஏஜென்ட் பத்திரிகையிடம் சொன்னார். அணி உடைந்துவிடும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். வாங் போகவில்லை. இருவரும் சேர்ந்தே ஆடி, 2023-இல் அந்தக் கல்லூரியை முதன்முறையாகத் தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகளுக்குள் கொண்டுபோனார்கள். பணம் வந்ததும் அணியுணர்வு செத்துவிடும் என்பவர்களுக்கு அதுவே பதில். ஆனால் கதை அங்கே முடியவில்லை. அந்த அணியின் கோச் ஜிம் லாரனாகா, 2024 டிசம்பரில், பருவத்தின் நடுவிலேயே பதவி விலகினார். அவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகு நடந்த முதல் கூட்டத்திலேயே எட்டு வீரர்கள் போர்ட்டலுக்குப் போக முடிவெடுத்தது தன்னை நிலைகுலைய வைத்ததாகச் சொன்னார். அப்போது அவருக்கு எழுபத்தைந்து வயது. அவர் வருத்தம் உண்மையானது. அந்த எட்டுப் பேர் செய்ததையும் குற்றம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நல்ல சம்பளம் கிடைத்தால் கோச்சுகளும்தான் ஒரே இரவில் வேறு கல்லூரிக்குப் போகிறார்கள்.

மகளுக்கு ஒரு கதை சொல்லுங்கள், அவளுக்குப் பாதி தெரிந்திருக்கும். அயோவாவின் கெய்ட்லின் கிளார்க். சொந்த மாநிலக் கல்லூரியில் நான்கு வருடமும் ஆடி, 3,951 புள்ளிகளோடு, ஆண் பெண் இருதரப்பிலும் டிவிஷன் 1 வரலாற்றிலேயே அதிகம் எடுத்தவர். நைக்கி, கேட்டரேட் என்று விளம்பரங்கள் குவிந்தன. எல்லாரும் அவருடைய தூரத்து ஷாட்டுகளைத்தான் ரீல் போடுகிறார்கள். கடைசி ஆண்டில் நாட்டிலேயே அதிக அசிஸ்ட்டும், அதாவது அடுத்தவர் கூடை போட வைத்த பாஸும், அவருடையதுதான் என்பதை எத்தனை ரீலில் பார்த்தோம்? 2024 ஏப்ரலில் புரூக்ளினில் நடந்த பெண்களின் தொழில்முறை லீகான டபிள்யூ.என்.பி.ஏ.வுக்கு வீராங்கனைகளை எடுக்கும் நிகழ்ச்சியில் அவர் பெயரை முதலாவதாக அழைத்தார்கள். அவருடைய அணித்தோழி கேட் மார்ட்டின், ஆறு வருடம் அயோவாவில் இருந்தவர், அன்று தோழிக்காகக் கைதட்டப் பார்வையாளர் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். பதினெட்டாவது பெயரை வாசித்தபோது அது அவருடைய பெயர். கூட்டத்துக்குள்ளிருந்து எழுந்து மேடைக்குப் போனார். அந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குக் கண் கலங்கிவிடும்.

போனவர்களும் தோற்றுப்போகவில்லை. ஏஞ்சல் ரீஸ் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தை விட்டு லூசியானா மாநிலப் பல்கலைக்கழகமான எல்.எஸ்.யு.வுக்குப் போனார், மறு ஆண்டே, 2023-இல், அதே கிளார்க்கின் அணியை இறுதிப் போட்டியில் வென்று கோப்பையைத் தூக்கினார். யாரும் அவரைத் துரோகி என்று சொல்ல முடியாது.

சரி, ஜூலைக்கு வருவோம். மகள் இந்தக் கோடைக்குக் கிளப்பில் ஆடுவதாக ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருக்கிறாள் என்று உங்கள் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் இந்தக் கோடை கிளப்புக்குத்தான். அடுத்த ஆண்டு பெரிய அணிக்குப் போகட்டும். பதினொன்றாம் வகுப்பு முடிந்து வரும் கோடை அவளுக்கு இன்னும் கையில் இருக்கிறது. நஷ்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஷூ கம்பெனி லீக் நடக்கும் அரங்கில் ஓரமாக நாற்காலி போட்டு உட்காரும் கோச்சுகள் இவள் கிளப் ஆட்டத்துக்கு வரமாட்டார்கள். ஆனால் அங்கே போனால் ஆட்டத்துக்கு எத்தனை நிமிடம் கிடைக்கும் என்று அந்த அணி எழுதிச் சொல்லியிருக்கிறதா? பெரிய பெயர் போட்ட பையோடு பெஞ்சில் உட்கார்ந்து திரும்பிய பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கிளப் கோச்சிடம் அடுத்த ஆண்டு போவதை இப்போதே, நேரில், மகளே சொல்ல வேண்டும். நீங்கள் போக வேண்டாம், மெசேஜும் வேண்டாம். நான் இருபது வயதில் ஒரு இறுதிப் போட்டிக்கு மூன்று நாள் முன்பு வேலைக்காக வேறு அணிக்குப் போனேன். போனது தப்பில்லை, வீட்டில் அந்தச் சம்பளம் தேவைப்பட்டது. ஆனால் எனக்குப் பந்து பிடிக்கக் கற்றுக்கொடுத்த மாஸ்டருக்கு அதை நான் சொல்லவில்லை. பேப்பரில் அணிப் பட்டியலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். பிறகு ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் எதிரில் வந்தவர், "நல்லா ஆடு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். முப்பது வருடம் ஆகியும் அந்த இரண்டு வார்த்தை எனக்கு ஆறவில்லை.

இனி பணம். தங்கையே, இதில் கண்டிப்பாகச் சொல்கிறேன்: அந்த ஜூஸ் கடைப் பணத்தைத் தொட வேண்டாம். உங்கள் மகள், எச்-1பிக்காரரின் குடும்பத்துக்குத் தரும் எச்-4 விசாவில் இருக்கிறாள். அந்த விசாவில் பிள்ளைகளுக்கு வேலை செய்ய அனுமதி கிடையாது. காசு வாங்கிக்கொண்டு பதிவு போடுவது வேலையாகக் கருதப்படலாம். பணத்துக்குப் பதிலாகச் செருப்போ ஜூஸோ கொடுத்தாலும் அதே சிக்கல்தான். 500 டாலருக்காக அவளுடைய விசா நிலையையே பணயம் வைக்காதீர்கள். இருபத்தொரு வயதானால் எச்-4 முடிந்துவிடும். கிரீன் கார்டு அதற்குள் வரவில்லையென்றால், கல்லூரி நடுவில் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும், அதிலும் வேலைக்குக் கட்டுப்பாடு அதிகம். ஸ்காலர்ஷிப் வேறு விஷயம். வெளிநாட்டுப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பில் படிக்கிறார்கள். குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேரக் கட்டணம் கொடுத்து இதை மட்டும் கேட்டுவிடுங்கள். பிராண்டு ஆலோசகர் மாதாமாதம் கேட்கும் 400 டாலரைவிட அது உருப்படியான செலவு. அவரிடம் இன்றே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவர் அனுப்பப்போகும் பொத்தாம்பொதுவான மெயிலைவிட, ஒரு கோச்சுக்கு உங்கள் மகளே தன் கைப்பட எழுதும் நான்கு வரி மேல்.

விசாவால் கை கட்டப்பட்டவள் தான் மட்டும்தான் என்று அவள் நினைத்தால், பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஆடிய ஜாக் ஈடியைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். டொராண்டோ பையன், ஏழடி நான்கு அங்குலம், பள்ளி முடிக்கும்போது பெரிய பெயர் இல்லை. மாணவர் விசா என்பதால் கூட ஆடிய அமெரிக்கப் பிள்ளைகள்போல விளம்பரத்தில் சம்பாதிக்க முடியவில்லை. 2023-இல் முதல் தரவரிசையில் இருந்த அவர் அணி, பதினாறாவது தரவரிசை அணியிடம் தோற்று நாடே பேசியது. அவர் வேறெங்கும் போகவில்லை. மறு ஆண்டு அதே அணியை இறுதிப் போட்டிவரை கொண்டுபோனார். 2023, 2024 இரண்டு ஆண்டும் நாட்டின் சிறந்த வீரர் அவரே.

கல்லூரி கோச்சுகள் பேச ஆரம்பிக்கும்போது மகள் கேட்க வேண்டியவை: ஸ்காலர்ஷிப் ஓராண்டுக்கா, நான்காண்டுக்கா? காயம் பட்டால் என்ன? கடந்த இரண்டு ஆண்டில் எத்தனை பாயிண்ட் கார்டுகளை போர்ட்டலிலிருந்து எடுத்தீர்கள்? நீங்களே வேறு கல்லூரிக்குப் போனால் என் நிலை என்ன? கேட்டதற்காக முகம் சுளிக்கிற கோச் இருந்தால், அந்த ஊரை வரைபடத்திலிருந்து அடித்துவிடுங்கள்.

கடைசியாக, அந்த ரீல். கோச்சுகள் ரீலைப் பார்த்துப் பிடித்திருந்தால் முழு மேட்சைத்தான் கேட்பார்கள். பந்து கையில் இல்லாதபோது என்ன செய்கிறாள், மாற்றி வெளியே உட்கார வைத்தால் முகம் எப்படிப் போகிறது, யாரைத் தூக்கிவிடுகிறாள், இதெல்லாம் அதில் தெரியும். இருபத்தொரு ஷாட்டில் பத்தை எடுத்துவிட்டு, அவள் கொடுத்த பாஸ்களைப் போடச் சொல்லுங்கள். பதினோராவது துணுக்கை இன்னும் மூன்று விநாடி நீட்டச் சொல்லுங்கள். 12-ஆம் எண் பெண்ணிடம் கேட்டுவிட்டு, அவள் பெயரையும் கீழே எழுதட்டும். முடித்ததும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், பார்க்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா