20 பேர் பட்டியலில் மகனின் பெயர் இல்லை என்று வந்த அம்மாவுக்கு

போன கிழமை மழையோடு மழையாக வெள்ளவத்தையிலிருந்து வந்து, போனில் ஒரு படத்தை எடுத்து என் மேசையில் வைத்தீர்கள். பாடசாலை அறிவித்தல் பலகையில் ஒட்டியிருந்த உதைபந்தாட்டக் குழாம், 20 பெயர். விரலால் பெரிதாக்கி அதில் ஒரு பெயரைக் காட்டி, "இந்தப் பிள்ளை என்ர மகனைவிட எதில திறம்?" என்று கேட்டீர்கள். மகன் பக்கத்தில் இருந்து முழங்கால் பிளாஸ்டரின் ஓரத்தை உரித்துக்கொண்டிருந்தார், ஒரு வார்த்தை கதைக்கவில்லை. வெளியே ஆட்கள் காத்திருந்ததால் உங்களை அரைகுறையாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். அது மனதில் கிடந்து அரித்தது, அதனால் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

அம்மா, நீங்கள் கேட்டது பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளிக் கேள்வி. தெரிவு என்றாலே நமக்கு அதுதான் ஞாபகம் வரும்: எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்தி, மேலிருந்து எண்ணிக்கொண்டு வந்து, வெட்டுப்புள்ளி விழுகிற இடத்தில் கோடு கிழிப்பது. உதைபந்தாட்டக் குழாம் அப்படி எடுபடுவதில்லை.

பல வருடத்துக்கு முதல் ஒரு பயிற்றுவிப்பாளர் குழாம் எழுதும்போது பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். ஒற்றை ரூள் கொப்பியில் முதலில் பெயர் ஒன்றும் எழுதவில்லை, 11 வட்டம்தான் போட்டார். கோல் காப்பாளர் வட்டத்துக்குள் இரண்டு பெயர் எழுதினார், அதில் யோசனையே இல்லை. இடது பின்களத்தில் இடது காலால் நன்றாக அடிக்கிற பையன் ஒரே ஒருவன், அவன் பெயரும் உடனே விழுந்தது. அப்புறம் ஒவ்வொரு வட்டமாக, இவனுக்குக் கால் பிசகினால் யார், இவன் சிவப்பு அட்டை வாங்கினால் யார் என்று முணுமுணுத்தபடி இரண்டாவது பெயரைத் தேடினார். கணக்கைப் பாருங்கள்: காப்பாளர் இருவரை விட்டால் மிச்சம் 18 பேர், அவர்களை வைத்து 10 இடத்துக்கும் இரண்டிரண்டு ஆள் வேண்டும். அப்படியென்றால் ஆகக் குறைந்தது இரண்டு பேராவது இரண்டு இடத்தில் ஆடத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும், அந்தப் பெயர்களைத் தேடித்தான் அவர் அதிக நேரம் பேனையைக் கடித்துக்கொண்டிருந்தார். மத்திய களத்துக்கு வரும்போது நல்ல பையன்கள் ஒன்பது பேர் நின்றார்கள். இடம் மூன்று, ஆள் ஆறு. மூன்று பிள்ளைகள் அங்கே விழுந்தார்கள், அதில் ஒருவன் அந்த மைதானத்திலேயே அழகாகப் பந்து கொடுக்கிறவன்.

உங்கள் மகன் மத்திய களம். நீங்கள் விரல் வைத்துக் காட்டிய பிள்ளை இடது பின்களம் என்று மகன்தான் போகிற நேரம் மெதுவாகச் சொன்னார். அவர்கள் இரண்டு பேருக்கும் போட்டியே இருக்கவில்லை அம்மா.

உலகக் கிண்ணத்திலும் இதே கதைதான். 2022இல் கட்டாருக்கு ஒரு நாடு 26 பேர் வரை கொண்டு போகலாம், அதற்கு முந்திய கிண்ணத்தில் 23தான், எப்படியும் மூன்று பேர் கோல் காப்பாளராக இருந்தே ஆக வேண்டும். அந்த மூன்றாவது காப்பாளர் பெரும்பாலும் ஒரு நிமிடமும் ஆடாமல் வீடு திரும்புவார், ஆனாலும் அவருக்கு இடம் உண்டு, நல்ல முன்கள வீரர் ஒருவர் வீட்டில் இருந்து தொலைக்காட்சி பார்ப்பார். ஒரே ஒரு வேலைக்காக ஒருவரை வைத்திருப்பதும் நடக்கும். 2014 காலிறுதியில் கொஸ்டாரிகாவோடு மேலதிக நேரம் முடியப் போகிற கடைசிக் கட்டத்தில் நெதர்லாந்துப் பயிற்றுவிப்பாளர் வான் கால் தன் காப்பாளரை வெளியே எடுத்து மாற்றுக் காப்பாளர் டிம் க்ருலை இறக்கினார், பெனல்டி உதைகளுக்காக மட்டும். க்ருல் இரண்டு உதையைத் தடுத்தார், நெதர்லாந்து அரையிறுதிக்குப் போனது.

தெரிவு பிழைப்பதும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். 2018இல் ஜேர்மன் வீரர் லெரோய் சானே மன்செஸ்டர் சிட்டியோடு பிரீமியர் லீக் கிண்ணம் வென்று, இங்கிலாந்து வீரர் சங்கத்தின் சிறந்த இளம் வீரர் விருதையும் வாங்கிய கையோடு இருந்தார். ஜேர்மனியின் பயிற்றுவிப்பாளர் லோவ் உலகக் கிண்ணத்துக்கு 27 பேரை 23 ஆகக் குறைத்தபோது அவரை விட்டுவிட்டார். ஜேர்மனி முதல் சுற்றிலேயே வெளியேறியது. எனக்கு இன்றைக்கும் அது பிழையான முடிவாகத்தான் படுகிறது. ஆனால் சானே அடுத்த பருவம் திரும்ப வந்து ஆடினார், நாட்டு அணிக்கும் ஆடினார்.

சரி, இனி மகனின் விசயம். பயிற்றுவிப்பாளர்கள் கோலை மட்டும் பார்ப்பதில்லை. பந்தைப் பறிகொடுத்த அடுத்த மூன்று நொடியில் பையன் திரும்பி ஓடுகிறானா, கையை விரித்துக்கொண்டு நிற்கிறானா என்று பார்ப்பார்கள். பயிற்சிக்கு ஒழுங்காக வருகிறானா என்று பார்ப்பார்கள். கணக்கியல் ரியூசனுக்காக நான்கு சனிக்கிழமை போகவில்லை என்று நீங்களே சொன்னீர்கள். ரியூசனை விடச் சொல்லவில்லை, ஆனால் அதை முதலே பயிற்றுவிப்பாளர் சேரிடம் மகன் சொன்னாரா? சொல்லாமல் வராத பிள்ளை அவருடைய கணக்கில் நம்ப ஏலாத பிள்ளை, அவ்வளவுதான்.

தயவுசெய்து நீங்கள் சேருக்கோ அதிபருக்கோ போன் பண்ண வேண்டாம். மகனே பயிற்சி முடிந்து, மற்றப் பிள்ளைகள் சப்பாத்துக் கழற்றுகிற நேரம் போய்க் கேட்கட்டும். "ஏன் சேர் என்னை எடுக்கவில்லை" என்றில்லை. "அடுத்த முறைக்கு நான் வேற எந்த இடத்தில பழகினால் உங்களுக்கு உதவும் சேர்?" என்று கேட்கட்டும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத பயிற்றுவிப்பாளரை நான் கண்டதில்லை.

உதைபந்தாட்டத்துக்காக உயர்தரப் பரீட்சையைத் தள்ளி வைக்கிற கதை மட்டும் வேண்டாம். இலங்கையில் உதைபந்தாட்டத்தால் மாதச் சம்பளம் எடுக்கிறவர்களில் கனபேர் இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் அணிகளில் வேலையோடு சேர்ந்து ஆடுகிறவர்கள். கொழும்புக் கழகங்களில் ஆடுகிற பலர் பகலில் வேறு வேலை பார்க்கிறார்கள். விளையாட்டுத் திறமைக்காகப் பல்கலைக்கழகத்தில் விசேட அனுமதி இருக்கிறது, ஆனால் அதற்கும் உயர்தரம் சித்தியடைய வேண்டும். சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானப் பட்டப்படிப்பு இருக்கிறது. எந்தப் பாடத்துறைக்காரர் விண்ணப்பிக்கலாம் என்பதை பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் மகனே தேடி வாசிக்கட்டும், நீங்கள் தேடிக் கொடுக்க வேண்டாம்.

வருகிற வியாழன் பின்னேரம் அவரைத் தனியாக அனுப்புங்கள். ஒரு கொப்பியும் பேனையும் கொண்டு வரச் சொல்லுங்கள், 11 வட்டம் போட்டு அவருடைய பாடசாலை அணியை அவரையே எழுத வைக்கப் போகிறேன்.