ஃப்ளோரைடு கொடுத்தால் எலும்பு உறுதியாகுமா?

மாதவிடாய் நின்ற அம்மாவுக்கு எலும்புப்புரை (எலும்பு வலுவிழந்து எளிதில் முறியும் நோய்), ஃப்ளோரைடு எலும்பின் அடர்த்தியைக் கூட்டுமாமே, கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம்.

அடர்த்தி கூடுவது உண்மைதான். எலும்பைக் கட்டும் செல்களை ஃப்ளோரைடு தூண்டிவிடும். அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 1990-இல் வெளியிட்ட ஆய்வில் மாதவிடாய் நின்ற 202 பெண்கள் இருந்தார்கள். எல்லாருக்கும் கால்சியம்; பாதிப் பேருக்கு அதோடு தினமும் 75 மில்லிகிராம் சோடியம் ஃப்ளோரைடு. நான்கு ஆண்டுகளில் இவர்களுடைய கீழ் முதுகெலும்பின் அடர்த்தி 35 சதவீதம் ஏறியது. ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்தால் யாருக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் முதுகெலும்பு முறிவுகள் சொல்லும்படி குறையவில்லை. மற்ற எலும்புகளில், கீறல்களையும் சேர்த்து, 72 முறிவுகள். ஃப்ளோரைடு எடுக்காதவர்களிடம் 24 தான்! முன்கை எலும்பின் அடர்த்தியோ குறைந்தே போனது. அப்புறம் வயிற்றுக் கோளாறு, கால்வலி வேறு.

காரணம், புதிதாக உருவாகும் எலும்பின் தரம். தாதுப் படிகங்களுக்குள் ஃப்ளோரைடு புகுந்து அவற்றின் அமைப்பை மாற்றிவிடுகிறது. தாதும் சரியாகப் படிவதில்லை. கனம் இருக்கும், வலு இருக்காது.

முறிவைக் குறைப்பதாக நிரூபணமான அலெண்ட்ரோனேட், சோலெட்ரோனிக் அமிலம் போன்ற மருந்துகள் இன்று இருக்கின்றன. சிறுநீரகம், வைட்டமின் டி அளவு எல்லாம் பார்த்து எது பொருந்தும் என்று மருத்துவர் சொல்வார். பற்பசையில் இருக்கும் ஃப்ளோரைடை நினைத்துப் பயப்பட வேண்டாம், அது வேறு கணக்கு.