அம்மாவுக்கு மனச்சிதைவு, பையனுக்கு டெஸ்ட்டா?

கேள்வி: அம்மாவுக்குப் பல வருடமாக மனச்சிதைவு நோய். திண்டுக்கல் டாக்டர் கொடுத்த மாத்திரையில் இப்போது நன்றாக இருக்கிறார், பூண்டுத் தோட்ட வேலைக்கும் போகிறார். எனக்குப் பார்த்த பெண் வீட்டில், "பையன் மரபணு டெஸ்ட் எடுத்து வரட்டும், அப்புறம் பேசலாம்" என்கிறார்கள். எங்கே எடுப்பது?
- வாசகர், பூம்பாறை, கொடைக்கானல்

பதில்: எங்கேயும் எடுக்க வேண்டாம் தம்பி. உங்களுக்கு இந்த நோய் வருமா வராதா என்று சொல்லும் டெஸ்ட் இன்றைக்குக் கிடையாது, எச்சிலை அனுப்பினால் சொல்கிறோம் என்று விளம்பரம் வந்தால் காசைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பரம்பரைக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. பொதுவாக நூற்றில் ஒருவருக்கு வரும் என்றால், பெற்றோரில் ஒருவருக்கு இருக்கும்போது பிள்ளைகளில் ஏறக்குறைய பத்துப் பேருக்கு வரலாம். மீதித் தொண்ணூறு பேருக்கு வருவதில்லை. அச்சு அசலான இரட்டையரில் ஒருவருக்கு வந்தாலும் மற்றவருக்கு ஏறக்குறைய பாதி, அல்லது அதற்கும் குறைவான வாய்ப்புதான்.

1988ல் இந்த நோய்க்கான மரபணுவை ஐந்தாவது குரோமோசோமில் (மரபணுக்களைச் சுமக்கும் இழை) பிடித்துவிட்டோம் என்று அறிவித்தார்கள், மற்றவர்கள் தேடியபோது சிக்கவில்லை. 2022ல் 76,755 நோயாளிகளின் மரபணுவை அலசியதில் நோயோடு தொடர்புள்ள 287 இடங்கள் கிடைத்தன, ஆனால் ஒவ்வொன்றின் பங்கும் துளியூண்டு, அவற்றில் பல உங்களிடமும் என்னிடமும், ஏன், டெஸ்ட் கேட்கும் அந்தப் பெண்ணின் அப்பாவிடமும் இருக்கும். 22வது குரோமோசோமில் ஒரு துண்டு இல்லாமல் போவது மாதிரி அபூர்வமான சில மாற்றங்கள் மட்டும் ஆபத்தைப் பல மடங்கு ஏற்றும். அவர்களில் பலருக்குச் சிறுவயதிலேயே இதயக் கோளாறு, அண்ணப் பிளவு என்று வேறு அடையாளமும் தெரிந்துவிடும்.

இத்தனைக்கும் இந்தத் தேடலில் சோதிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினர்தான். நம்மூர் ஆட்களை வைத்துச் சென்னையின் ஸ்கார்ஃப் என்ற மனநல ஆராய்ச்சி நிறுவனமும் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களும் செய்த ஆய்வு 2019ல் வெளிவந்தது, அதில் நியாசினோடு, அதாவது வைட்டமின் பி3யோடு, தொடர்புள்ள ஒரு மரபணு மாட்டியது. (உடனே அதை வாங்க மெடிக்கலுக்கு ஓடாதீர்கள், அது மருந்து என்று அவர்கள் சொல்லவில்லை.)

அம்மாவின் நோயை மட்டும் மறைக்காமல் பெண்ணிடமே நேராகச் சொல்லிவிடுங்கள். அப்புறம், கொடைக்கானலில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட முடியாது: குடும்பத்தில் இந்த நோய் உள்ளவர் கஞ்சாவையும் அந்தப் போதைக் காளானையும் தொடவே கூடாது. காதில் குரல் கேட்பது, காரணமில்லாத சந்தேகம் என்று எப்போதாவது தோன்றினால் அரசின் மனநல உதவி எண் 14416க்கு அடியுங்கள், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: மரபணு, மரபணு என்கிறார்களே, இதனால் நோயாளிக்கு என்ன லாபம்?
- வாசகி, பண்ணைக்காடு

பதில்: இதுவரை பெரிதாக ஒன்றுமில்லை. 1950களில் வந்த குளோர்ப்ரோமசின் தொடங்கி இன்றைய மருந்துகள் அநேகமாக எல்லாமே மூளையில் செய்தி கடத்தும் டோபமைன் என்ற ரசாயனத்தைத்தான் கட்டுப்படுத்துகின்றன. 2024ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒரு புது மருந்து வேறு வழியில் வேலை செய்கிறது, அதுவும் மரபணுத் தேடலில் பிறந்ததல்ல. 2016ல் சி4 என்ற மரபணுவைப் பிடித்தது மட்டும் எனக்கு முக்கியமாகப் படுகிறது: வளரும் வயதில் மூளை தன் நரம்பு இணைப்புகளை அளவுக்கு மீறிக் கழித்துவிடுகிறதோ என்ற சந்தேகத்துக்கு அதில் ஒரு பிடி கிடைத்தது. அங்கிருந்து மாத்திரை வர இன்னும் வருடங்கள் ஆகும், அதுவரை இருக்கிற மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.